நள்ளிரவில் 'படார்' என்னும் கூரை

கேள்வி: கனடாவின் ஸ்காபரோவில் போன வசந்தத்தில் வீடு வாங்கினோம். வெளியே −20 பாகைக்குப் போகும் இரவுகளில் கூரையில் 'படார்' என்று சத்தம். வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸ் பக்கம் 'டொம்' என்கிறது. பிள்ளைகள் பயந்து எழும்புகிறார்கள். வீட்டுக்கு ஆபத்தா? — ஒரு வாசகி

பதில்: கூரைச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம், அம்மா. அந்த 'டொம்' எந்த நொடியில் கேட்கிறது என்பதைத்தான் இன்றைக்கே கவனிக்க வேண்டும்.

வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டை 2 பாகை கூட்டிவிட்டு பேஸ்மென்டில் நின்று கேளுங்கள். முதலில் பர்னர் பற்றும். அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்தே காற்றாடி சுழலும். காற்றாடி கிளம்பியதும் 'டொம்' என்றால், காற்றுக் குழாயின் மெல்லிய தகரம் உப்பி மடங்குகிறது, அவ்வளவுதான். ஃபில்டரில் தூசி அடைத்திருந்தால் இது கூடும். 1 அங்குல ஃபில்டரைக் குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை பார்த்து, அழுக்கேறியிருந்தால் மாற்றுங்கள். மூடிவைத்த அறைகளின் காற்றுத் துவாரங்களையும் திறந்துவிடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் தகர வேலைக்காரர் குழாயின் அகலமான பக்கம் உப்பாமல் பிடிக்க ஒரு பட்டி அடித்துத் தருவார்.

பர்னர் பற்றும் அதே நொடியில் 'டொம்' என்றால் கதை வேறு. வாயு உள்ளே தேங்கி, தாமதமாகப் பற்றுகிறது. ஃபர்னஸை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பரை அழையுங்கள். அவர் பார்க்கும்வரை போடாதீர்கள். வாயு மணம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் எல்லாரும் வெளியேறி, வெளியில் நின்று 911-ஐயோ எரிவாயு நிறுவனத்தின் அவசர எண்ணையோ அழையுங்கள்.

இனிக் கூரை. முகிலில்லாத இரவில் கூரை வானத்துக்கு வெப்பத்தை விட்டுவிட்டு விரைவாகக் குளிர்கிறது. மரச்சட்டம், ஆணி, இரும்புத் தகடு, வெளிச்சுவரை மூடும் வைனில் (பிளாஸ்டிக்) பலகை எல்லாம் வெவ்வேறு அளவில் சுருங்குகின்றன. 12 அடி வைனில் பலகை 40 பாகை வித்தியாசத்தில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் குறுகும். ஆணி பிடித்துவைத்திருக்கும், இழுவை மிஞ்சியதும் சட்டென்று நழுவும். அந்த நழுவல்தான் 'படார்'.

நடுச்சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் குளிர்காலத்தில் மட்டும் இடைவெளி விழுந்தாலும் பதறாதீர்கள். கூரையைத் தாங்கும் முக்கோண மரச்சட்டத்தின் கீழ்மரம் காப்புப் பஞ்சுக்குள் சூடாக உலர்ந்திருக்க, மேல்மரம் குளிரில் ஈரம் உறிஞ்சி நீள்வதால் சட்டம் வில்லாக எழும்புகிறது. பசை போட்டு அடைப்பது வீண்வேலை, கோடையில் பிதுங்கும். சுவரில் ஒட்டாமல் சீலிங்கில் மட்டும் அடித்த அலங்கார மரப்பட்டி அதை மறைத்துவிடும். கூரையில் கனத்த பனி கிடக்கும்போது புதிதாகக் கதவு இறுகினாலோ சீலிங் தொய்ந்தாலோ மட்டும் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.