"இயேசு சீக்கிரம் வருகிறார்" என்பதை நீங்கள் நம்புகிறீர்களா?

இப்போது இல்லை. இருபது வயது வரை முழு மனதோடு நம்பினேன். அதனால் கேலியாகப் பேச எனக்கு மனம் வராது.

எனக்கு ஊர் மெஞ்ஞானபுரம் பக்கம். பனங்காடு, தேரி மணல், ஊருக்கு ஒரு கோயில் (சர்ச்சைத்தான் அப்படிச் சொல்வோம்). வீட்டில் ராத்திரி குடும்ப ஜெபத்தைத் தாத்தா "ஆமென், கர்த்தராகிய இயேசுவே, வாரும்" என்றுதான் முடிப்பார். மனுஷகுமாரன், அதாவது இயேசு, மின்னலைப் போல வருவார் என்று மத்தேயு 24-ல் இருக்கிறது. ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான் என்றும் அங்கேயே இருக்கிறது. ஐப்பசி மழையில் மின்னல் வெட்டினால் போதும், இருட்டில் கையை நீட்டி அம்மா பக்கத்தில் இருக்கிறாளா என்று தடவிப் பார்ப்பேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பயம் தேவையே இல்லை.

கல்லூரியில் படிக்கும்போதுதான் மத்தேயு 16:28 கண்ணில் உறுத்தியது. இங்கே நிற்கிறவர்களில் சிலர், மனுஷகுமாரன் தம் ராஜ்யத்தில் வருவதைக் காணும் முன் சாகமாட்டார்கள் என்று இயேசுவே சொல்கிறார். எங்கள் ஐயரிடம் கேட்டேன் (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்). ஆறு நாள் கழித்து ஒரு மலையில் சீஷர்கள் சிலர் முன்னால் இயேசுவின் உருவம் பிரகாசமாக மாறியதே, அந்த மறுரூபத்தைத்தான் அது குறிக்கிறது என்றார். சரி, ஆறே நாளில் நடக்கப்போவதற்கு "சிலர் சாகமாட்டார்கள்" என்று எதற்குச் சொல்லவேண்டும்? அதற்கு முந்தைய வசனத்தில் தூதர்களோடு வந்து அவனவன் செய்கைக்குத்தக்க பலன் கொடுப்பார் என்று இருக்கிறதே, மலையில் அப்படி ஒன்றும் நடக்கவில்லையே? அப்போஸ்தலன் பவுலும் தெசலோனிக்கே சபையாருக்கு எழுதும்போது, வருகை வரை "உயிரோடிருக்கும் நாம்" என்று தன்னையும் சேர்த்துத்தான் எழுதுகிறார். அவர்கள் தங்கள் காலத்திலேயே எதிர்பார்த்தார்கள், அது நடக்கவில்லை. எனக்கு அப்படித்தான் படுகிறது.

இந்தச் சந்தேகம் நம் காலத்தில் முளைத்ததும் இல்லை. "அவர் வருவார் என்று சொல்லுகிற வாக்குத்தத்தம் எங்கே?" என்று கேட்டவர்களுக்கு 2 பேதுரு 3-ம் அதிகாரமே பதில் சொல்லப் பார்க்கிறது. கர்த்தருக்கு ஒரு நாள் ஆயிரம் வருஷம் போல என்பது அங்கே வருகிற பதில்தான். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டால் "சீக்கிரம்" என்ற சொல்லுக்கு அர்த்தமே இல்லை. அப்புறம் நாள் குறித்தவர்கள் கதை வேறு. அமெரிக்காவில் வில்லியம் மில்லரை நம்பியவர்கள் 1844 அக்டோபர் 22-ல் காத்திருந்தார்கள். நமக்கு அடுத்த திருவிதாங்கூரிலேயே யுஸ்தூஸ் யோசேப்பு என்ற போதகர் 1881-ல் இயேசு வருவார் என்று சொன்னார். இரண்டு வருஷமும் மற்ற வருஷங்களைப் போலவே கடந்து போயின.

தாத்தாவிடமும் ஒருநாள் அந்த மத்தேயு 16:28-ஐக் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து இரண்டு தடவை வாசித்தார். "எனக்கும் அந்த எடம் இடிக்கத்தான் செய்யுதுய்யா" என்றார். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த நேர்மையான பதில் அது ஒன்றுதான். அன்று ராத்திரியும் ஜெபத்தை அதே வரியோடுதான் முடித்தார்.