லைன் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்கிறார்களே, உண்மையா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும் தொழிலாளர் வீடுகளில், பொதுக்குழாய், பொதுக் கழிப்பறை, எந்நேரமும் சத்தம் என்று வளரும் பிள்ளைகளுக்குத் தனிமை கிடைக்காது, அதனால் படிப்பு ஏறாது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார், அது சரியா? உங்களுக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது, வாடகை கட்டுப்படியாகாமல் ஒரு லைன் வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள், அந்த உறவினரின் பேச்சு உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

உண்மையில்லை. தைரியமாகக் குடிபோங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப் என்ற சுரங்கத்தின் பக்கம் ஒரு லைனில். இப்போது பெங்களூரில் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். தனி அறை, தனி மேசை, தனி டியூஷன் எல்லாம் இருக்கும் பிள்ளைகளையும் பார்க்கிறேன், எங்களைப் போல வளரும் பிள்ளைகளையும் பார்க்கிறேன். அதனால் இந்த விஷயத்தில் எனக்குப் பேச உரிமை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

தங்கவயலைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஊர் கர்நாடகத்தில் இருந்தாலும் லைன்களில் பேசியது பெரும்பாலும் தமிழ்தான். 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி சுரங்கத்தைக் கையில் எடுத்த பிறகு வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். பண்ணையில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுப்பட்டுக் கிடப்பதைவிட பூமிக்கடியில் போய்க் கூலி வாங்குவது மேல் என்று கிளம்பியவர்கள். அவர்களுக்குக் கிடைத்த முதல் வீடுகள் மூங்கில் தட்டி வீடுகள். என் காலத்தில் எங்கள் லைனில் கல்லும் செங்கல்லும் வைத்த சுவரும் ஓடும் வந்துவிட்டன. ஒரு அறை, அதை ஒட்டிச் சமையல் செய்ய ஒரு இடம், முன்னால் உட்காரக் கொஞ்சம் வாசல். இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டில் தாளிக்கும் வாசனையும், ரேடியோவும், தாத்தாவின் இருமலும் மேல் வழியாக எங்கள் வீட்டுக்கு வரும். எங்கள் வீட்டுச் சண்டை அங்கே போகும்.

அந்த இருமல் சாதாரண இருமல் இல்லை. பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் தூசி நுரையீரலில் தங்கிவிடும். சிலிக்கோசிஸ் என்பார்கள். எங்கள் லைனில் அந்த வார்த்தை ஆங்கிலமே தெரியாத கிழவிகளுக்கும் தெரியும். என் அப்பாவும் அதே இருமலோடுதான் வேலையை விட்டு வந்தார்.

இப்போது உங்கள் உறவினர் சொன்ன சத்தத்துக்கு வருகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு லைன் என்றால் ஓயாத கூச்சல். உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும், அங்கே அமைதிக்கு எவ்வளவு கண்டிப்பான ஒழுங்கு இருந்தது என்று. சுரங்கத்தில் காலை, பகல், ராத்திரி என்று மூன்று ஷிப்டு. சங்கு ஊதுவதை வைத்துத்தான் ஊருக்கே நேரம். ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவர் பகலில் தூங்கியாக வேண்டும். தூக்கமில்லாமல் மறுநாள் கீழே இறங்கினால் அவருக்கும் ஆபத்து, கூட இருப்பவருக்கும் ஆபத்து. அதனால் காலையில் யார் வீட்டு வாசலில் பூட்ஸ் கிடக்கிறதோ, அந்த வீட்டின் முன்னால் நாங்கள் கோலிகூட ஆட மாட்டோம். கில்லி, பந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தூரத்துத் திடலுக்குப் போய்விடுவோம். அந்த வீட்டுக்கு இரண்டு பக்கமும் அம்மாக்கள் மசாலா இடிப்பதைக்கூடத் தள்ளிப்போடுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கே இது தெரியும். யாரும் உட்காரவைத்துப் பாடம் எடுத்ததில்லை. இன்னொருவரின் தூக்கத்தை மதிக்கத் தெரிந்த பிள்ளைக்கு நல்ல பழக்கம் வராது என்று சொன்னால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

படிப்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் புத்தகம் வைக்கத் தனி இடம் கிடையாது, அரிசி டின் மேல்தான் வைப்போம். ஆனால் லைனில் பத்தாவது தேறிய ஒரு அக்கா இருந்தால் அந்த அக்கா லைனுக்கே வாத்தியார். சாயந்திரம் ஒரு வாசலில் உட்கார்ந்தால் பத்துப் பிள்ளைகள் சேர்ந்துவிடும். எனக்குப் பின்னக் கணக்கு புரிந்தது பள்ளியில் இல்லை, அந்த வாசலில். படிக்கத் தெரிந்த ஒருவர் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள், பிறகு அரசியல் வாதம் கிளம்பும். இது எங்கள் காலத்தில் தொடங்கிய பழக்கமும் இல்லை. ஒடுக்கப்பட்ட மக்களுக்காக எழுதிய சிந்தனையாளர் அயோத்திதாசர் நடத்திய ‘தமிழன்’ இதழ், அவர் 1914இல் மறைந்த பிறகு, 1920களில் தங்கவயலிலிருந்துதான் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மறுபடி வந்தது. அயோத்திதாசருடைய எழுத்துகளைப் புத்தகங்களாகப் போட்டுக் காப்பாற்றிய சித்தார்த்தா புத்தகசாலை எங்கள் ஊரினுடையது. அதற்கெல்லாம் துணை நின்றவர்களில் சுரங்கக் கூலிகள் நிறையப் பேர். தூசியைச் சுவாசித்துச் சம்பாதித்த காசில் பத்திரிகை வாங்கிப் படித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாதாமா?

சரி, எனக்கு மறக்கவே முடியாத ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு என் உண்மையான பதில் அதில்தான் இருக்கிறது.

தங்கவயல் சுரங்கம் உலகத்திலேயே மிக ஆழமானவற்றில் ஒன்று. சாம்பியன் ரீப் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போகும். அந்த ஆழத்தில் பாறை பெரும் அழுத்தத்தில் இருக்கும். தாதுவை வெட்டி எடுத்ததும் பக்கத்துப் பாறை தாங்காமல் திடீரென்று வெடித்துச் சிதறும். ராக் பர்ஸ்ட் என்போம். கீழே வெடித்தால் மேலே தரை ஆடும், அலமாரியில் பாத்திரம் உருளும், சுவரில் கீறல் விழும். சின்ன ஆட்டம் அடிக்கடி வரும். பெரியது வந்தால் சோறு ஆக்கிக்கொண்டிருப்பவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே வருவாள்.

நான் எட்டாவது படிக்கும்போது, அரையாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. மறுநாள் கணக்கு. அப்பா பகல் ஷிப்டில் கீழே இருந்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தரை ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. மாடத்தில் இருந்த சொம்பு கீழே விழுந்து உருண்டது. அடுத்த நிமிஷம் லைன் முழுக்கக் கதவு திறக்கும் சத்தம். யார் வீட்டு ஆள் கீழே இருக்கிறார் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை, எல்லோருக்கும் எல்லோருடைய ஷிப்டும் தெரியும். அம்மாவும் இன்னும் சில பெண்களும் அப்படியே ஷாப்ட் பக்கம், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் குழிவாய்ப் பக்கம், ஓடினார்கள். கேட்டுக்கு வெளியே நின்று மேலே சக்கரத்தைப் பார்ப்பார்கள். சக்கரம் சுற்றினால் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்ற கூண்டு ஓடுகிறது, யாரோ மேலே வருகிறார்கள் என்று அர்த்தம்.

எங்களை யாரிடம் விட்டுப்போவது என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லை. கடைசி வீட்டு ஆயா வந்து என்னையும் தம்பியையும், எதிர் வரிசைப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த ஆயாவின் வீட்டுக்காரர் எத்தனையோ வருஷத்துக்கு முன் கீழே போனவர் திரும்பி வராதவர். ஆயா களி கிண்டி, இருந்த குழம்பை ஊற்றி எல்லோருக்கும் கொடுத்தார். சின்னப் பிள்ளைகள் அழுதன. நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

“நாளைக்கு இன்னா பரீட்ச?” என்று கேட்டார்.

“கணக்கு, ஆயா.”

“அப்ப போய் பொஸ்தகத்த எடுத்துக்கினு வா. உங்கப்பன் வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?”

ஆயாவுக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது. பல்புக்கு நேர் கீழே பாய் போட்டு என்னை உட்காரவைத்தார். அழுகிற பிள்ளைகளை மறு மூலைக்குக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகத் தட்டித் தூங்கவைத்தார். நான் கணக்குப் போட்டேன். அப்பா வந்து கேட்பார் என்று ஆயா சொன்னதை அப்படியே நம்பிப் போட்டேன்.

அப்பா நடுராத்திரி தாண்டி வந்தார். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த மாமா கால் நசுங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் வீடு திரும்பப் பல மாதம் ஆனது. அது வரைக்கும் அவருக்குச் சாப்பாடு எடுத்துப்போனது லைன் பெண்கள், முறை வைத்து. அவர் பிள்ளைகள் எந்த வீட்டில் தட்டு வைத்தால் அந்த வீட்டில் சாப்பிட்டார்கள். அவருடைய மூத்த மகன் அந்த வருஷம் பத்தாவது. பள்ளியை விட்டு நிற்கப் பார்த்தான், லைனில் யாருமே விடவில்லை. இன்று நல்ல வேலையில் இருக்கிறான்.

தனிமை நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ராத்திரியில் நாங்கள் ஒரு தனி வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, அம்மா போன பிறகு இரண்டே குழந்தைகளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருப்போம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு “வறுமைக்குப் பூ வைக்கிறார்” என்று யாராவது கீழே எழுதுவார்கள். அவர்களுக்கு இப்போதே சொல்கிறேன்: கஷ்டம் எதையும் நான் மறைக்கப்போவதில்லை. பொதுக் கழிப்பறை கொடுமை. வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு அது தினமும் அவமானம். இருட்டும் வரைக்கும் அடக்கிக்கொண்டிருந்த பெண்கள் எத்தனை பேர். குழாயடியில் தண்ணீருக்கு அடிதடி நடக்கும். காற்றுக் காலத்தில் சயனைடு மேட்டிலிருந்து தூசி கிளம்பி, காயப்போட்ட துணியிலும் சோற்றிலும் விழும். தங்கத்தைப் பிரிக்க சயனைடு கலந்து அரைத்த பாறைத் தூளை மலை மலையாகக் கொட்டி வைத்திருந்தார்கள். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. குடிக்கிறவர்களும் இருந்தார்கள், அடி வாங்கிய பெண்களும் இருந்தார்கள். ஆனால் சுவர் கூரை வரைக்கும் போகாததால் அடி விழும் சத்தம் கேட்டதும் நாலு பேர் வந்து கதவைத் தட்டுவார்கள். இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. ஆனால் தங்கவயல் பெயரை எடுத்துவிட்டுச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எங்கள் ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் “மினி இங்கிலாந்து” என்று தொடங்குகிறார்கள். பங்களா, கிளப், கோல்ப் மைதானம், 1902இலேயே காவிரி ஆற்றுச் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம். அந்த மின்சாரம் முதலில் வந்தது சுரங்க எந்திரங்களுக்கு. அதை யாரும் சொல்வதில்லை. பங்களாவில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர். ஊர் என்பது லைன்கள்தான். இப்போது கேமராவும் டிரோனும் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் அதற்கும் ஒரு படி மேலே போய் “பேய் நகரம்” என்று தலைப்பு வைக்கிறார்கள். 2001 பிப்ரவரி 28இல் மூடியது சுரங்கம், ஊர் இல்லை. விடியற்காலையில் எங்கள் ஊர் மாரிகுப்பம் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் ரயிலைப் போய்ப் பார்க்கட்டும். நிற்க இடமில்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போய், ராத்திரி திரும்புகிறார்கள். என் தம்பியும் அதில் ஒருவன். அம்மா வீட்டு வாசலில் ஒரு கூட்டம் வந்து நின்று, கொடியில் காயும் துணியை எடுக்கச் சொன்னதாம், படத்தில் ஆள் வாழ்கிற மாதிரித் தெரியக் கூடாதென்று. அம்மா எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு அன்றைக்கு முழுக்கப் பெருமையாக இருந்தது.

அதே சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே 1965இல் விஞ்ஞானிகள் நியூட்ரினோ என்ற துகளைப் பதிவு செய்தார்கள். வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ முதன்முதலில் பதிவான இடங்களில் அது ஒன்று. விண்ணிலிருந்து வரும் மற்ற துகள்களைப் பாறை தடுத்து நிறுத்திவிடும் என்பதால் அந்த ஆழத்தைத் தேடி வந்தார்கள். அந்த ஆழத்தை உண்டாக்கியது எங்கள் தாத்தாக்களின் கை. வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் என் மாணவர்களுக்கு இதைச் சொல்கிறேன், ஏட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். சுவர் ஒட்டியிருக்கிறதே என்று பயப்படாதீர்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் கழிப்பறை எத்தனை வீட்டுக்கு ஒன்று, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, அங்கே போகும் வழியில் ராத்திரி விளக்கு எரிகிறதா என்று போய்ப் பாருங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், குழாயடியில் நிற்கும் பெண்களிடம் கேளுங்கள். அப்படியே பக்கத்து வீட்டில் ராத்திரி வேலைக்குப் போகிறவர் யாராவது இருக்கிறாரா என்றும் கேட்டு, முதல் நாளே குழந்தையிடம் சொல்லிவையுங்கள்.