கம்பெனிக் காப்பீடு இருக்கும்போது பார்ட் டி வாங்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் ஒரே நிறுவனத்தில் 27 ஆண்டுகள் வேலை பார்த்து, 2022-இல் 65 வயதில் ஓய்வு பெற்றேன். எனக்கும் 61 வயதாகும் என் மனைவிக்கும் நிறுவனத்தின் ஓய்வுக்கால மருத்துவக் காப்பீடு இருக்கிறது. மருந்துச் செலவும் அதில் அடங்கும். எனக்கு மெடிகேர் (65 வயதானவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு) பார்ட் ஏ, பார்ட் பி இரண்டும் உண்டு. ஆயுள் முழுவதும் காப்பீடு என்று சொல்லி அனுப்பியவர்கள், 2026-இலிருந்து மாதப் பிரீமியத்தை 85 டாலர் உயர்த்தி, இரத்தம் உறையாமல் இருக்க நான் சாப்பிடும் எலிக்விஸ் மாத்திரையையும் அதிகக் கட்டணப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். மனம் மிகவும் நொந்துபோய், உயர்த்திய தொகையைக் கட்ட மாட்டேன் என்று கடிதம் எழுதியிருக்கிறேன். ஒரு காப்பீட்டு முகவர், தனியாக ஒரு பார்ட் டி (மெடிகேரின் மருந்துக் காப்பீடு) திட்டம் எடுத்தால் செலவு பாதியாகும், சேராவிட்டால் ஆயுள் முழுக்க அபராதம் என்கிறார். அடுத்த வாரம் தொலைபேசியிலேயே பதிவு செய்து தருவாராம். மனைவி முடக்குவாதத்துக்கு விலை உயர்ந்த ஊசி போட்டுக்கொள்கிறார். நிறுவனத்தின் மீது வழக்குப் போடலாமா? பார்ட் டி எடுக்கலாமா?

பதில்: வழக்கை முதலில் ஒதுக்கிவிடுவோம். ஓய்வு பெற்றவர்களின் மருத்துவக் காப்பீடு, நிறுவனங்களின் பணியாளர் நலத் திட்டங்களுக்கான எரிசா சட்டத்தின்படி ஓய்வூதியத்தைப் போலத் தானாக உறுதிப்படும் உரிமை அன்று. ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் ஒழிய ஆயுட்கால வாக்குறுதி இருப்பதாக நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளாது என்பதை எம் அண்டு ஜி பாலிமர்ஸ் எதிர் டாக்கெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லிவிட்டது. உங்கள் திட்டச் சுருக்கப் புத்தகத்தில், இத்திட்டத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றவோ நிறுத்தவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்ற வரி அநேகமாக இருக்கும். அது இருந்தால், பிரிவுபசார நாளில் யார் என்ன சொல்லியிருந்தாலும் வழக்குக்கு முகாந்திரம் இல்லை. 27 ஆண்டு உழைப்பும் மன வருத்தமும் உண்மைதான். ஆனால் நீதிபதி முன் அவை எடுபடாது.

சட்டப்படி உங்கள் விஷயத்தில் முக்கியமானது ஒன்றுதான்: நீங்கள் தனியார் பார்ட் டி திட்டத்தில் சேர்ந்தால் நிறுவனக் காப்பீடு என்ன ஆகும்? அதை நீங்கள் எழுதவே இல்லை. முகவரும் கேட்கவில்லை என்று தெரிகிறது.

அதற்கான விடை அநேகமாக உங்கள் வீட்டிலேயே கிடக்கிறது. ஆண்டுதோறும் அக்டோபர் 15-க்கு முன் நிறுவனம் உங்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பக் கடமைப்பட்டது. விளம்பரத் தாளைப் போன்ற ஒரு சாதாரணக் கடிதம். பெரும்பாலோர் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. அதன் முற்பகுதியில், நிறுவனத்தின் மருந்துக் காப்பீடு கிரெடிட்டபிள் கவரேஜ்தானா, அதாவது வழக்கமான பார்ட் டி திட்டம் சராசரியாகக் கொடுக்கும் அளவுக்குக் குறையாமல் இதுவும் கொடுக்குமா என்பது இருக்கும். இன்னும் கீழே, மெடிகேர் மருந்துத் திட்டத்தில் சேர்ந்தால் தற்போதைய காப்பீடு பாதிக்கப்படுமா, விட்டுவிட்டால் உங்களுக்கும் உங்களைச் சார்ந்தோருக்கும் திரும்பக் கிடைக்குமா என்ற பத்தி வரும். எல்லாரும் முதல் பகுதியோடு நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு அந்த இரண்டாவது பத்திதான் உயிர்நாடி.

அபராதத்தைப் பற்றிய பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். காப்பீடு கிரெடிட்டபிள் ஆக இருக்கும்வரை அபராதமே கிடையாது. 65 வயதில் கிடைக்கும் முதல் சேர்க்கைக் காலம் முடிந்த பிறகு, தொடர்ந்து 63 நாள் அல்லது அதற்கு மேல் அத்தகைய காப்பீடு இல்லாமல் இருந்தால்தான் கணக்கு ஆரம்பமாகும்; காப்பீடு இல்லாத ஒவ்வொரு மாதத்துக்கும், பார்ட் டி-யின் தேசிய அடிப்படைப் பிரீமியத்தில் ஒரு சதவீதம். 2026-க்கு அந்த அடிப்படைத் தொகை 38.99 டாலர். இரண்டு முழு ஆண்டுகள் காப்பீடு இல்லாமல் இருந்தவர்கூட மாதம் 9.40 டாலர்தான் கூடுதலாகக் கட்டுவார். ஆயுள் முழுவதும் தொடரும், அடிப்படைத் தொகை மாறினால் அபராதமும் மாறும் என்பது சரியே. ஆனாலும் அந்தத் தொகைக்குப் பயந்து, மாதம் ஆயிரக்கணக்கான டாலர் மருந்துச் செலவைத் தாங்கிக்கொண்டிருக்கும் காப்பீட்டை விட்டுவிட்டு வந்தவர்களை என் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். 2022 முதல் வந்த அறிவிப்புகளை எல்லாம் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். பிற்காலத்தில் அபராதம் விதிக்க முயன்றால் அவைதான் சான்று.

இனி, கட்சிக்காரர்கள் வழக்கமாக விழும் குழிக்கு வருகிறேன். பல நிறுவனங்களில் மருந்தும் மருத்துவமும் ஒரே கட்டு. மருந்துப் பகுதியை மட்டும் கழற்றிவிட முடியாது. நீங்கள் தனியார் பார்ட் டி திட்டத்தில் சேர்ந்ததும் திட்ட விதிப்படி முழுக் காப்பீடும் ரத்தாகலாம், உங்களைச் சார்ந்திருக்கும் மனைவியின் காப்பீடும் கூடவே போகலாம். உங்கள் மருந்து அட்டையில் மெடிகேர்-ஆர்எக்ஸ் என்ற முத்திரை இருந்தால் இன்னும் கவனம் தேவை. அப்போது நிறுவனம் உங்களுக்குக் கொடுத்திருப்பதே ஒரு குழு பார்ட் டி திட்டம். ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு பார்ட் டி திட்டத்தில்தான் இருக்க முடியும் என்பதால், புதியதில் சேர்ந்தவுடன் மெடிகேரின் கணினியே உங்களைப் பழையதிலிருந்து நீக்கிவிடும். யாரும் கூப்பிட்டு, நிஜமாகத்தான் சொல்கிறீர்களா என்று கேட்க மாட்டார்கள். தொலைபேசியில் நீங்கள் சொல்லும் 'யெஸ்' பதிவாகிறது. சட்டத்தின் கண்ணில் அது கையெழுத்துதான்.

இது தெரியவரும் விதமும் ஒரே மாதிரிதான். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ மனைவி மருந்துக்கடைக்குப் போவார். கடைக்காரர் கணினியைப் பார்த்துவிட்டு, டிசம்பர் 31-உடன் காப்பீடு முடிந்துவிட்டதாகக் காட்டுகிறது என்பார். உங்கள் மனைவிக்கு மெடிகேர் கிடைக்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. முகவர்கள் பெருமையாகச் சொல்லும், பார்ட் டி மருந்துகளுக்குக் கையிலிருந்து கொடுப்பதற்கான 2,100 டாலர் ஆண்டு உச்சவரம்பு 2026-இல் உண்மையிலேயே நடைமுறைக்கு வருகிறது. எலிக்விஸுக்கு மெடிகேர் பேரம் பேசிக் குறைத்த விலையும் 2026 ஜனவரி முதல்தான். இரண்டும் உங்கள் மாத்திரைக்கு உதவும், மனைவியின் ஊசிக்கு ஒரு சல்லிக்காசு உதவாது. தானாக விட்ட காப்பீடு என்று கருதப்பட்டால், அவருக்கு ஆண்டின் நடுவில் வேறு காப்பீடு வாங்கச் சிறப்புச் சேர்க்கைக் காலம் பெறுவதும் பெரும்பாடு.

அந்த நிலையில் வருபவர்களுக்கு நான் சொல்வது கசப்பாக இருக்கும். நிறுவனம் கருணையின் பேரில், பாக்கிப் பிரீமியத்தை மொத்தமாகக் கட்டினால் ஒருமுறை மட்டும் திரும்பச் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொன்னால், வாதாடாமல் அன்றே கட்டி ஒத்துப்போய்விடுங்கள் என்பேன். மறுசேர்க்கை பெரும்பாலும் உரிமை அன்று, சலுகை. சலுகையோடு சண்டை போட்டு ஜெயித்தவர் குறைவு.

இதைவிட என்னைக் கலங்க வைப்பது, உயர்த்திய 85 டாலரைக் கட்ட மாட்டேன் என்று நீங்கள் எழுதியிருப்பது. பிரீமியத்தை முழுமையாகக் கட்டாவிட்டால் திட்டம் உங்களை நீக்கலாம். காப்பீட்டைத் தன் குற்றமில்லாமல் இழந்தவர்களுக்கு பார்ட் டி-யில் சேர இரண்டு மாதச் சிறப்புக் காலம் உண்டு. பிரீமியம் கட்டாததால் இழந்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. பிறகு ஆண்டுச் சேர்க்கைக் காலம் தொடங்கும் அடுத்த அக்டோபர் 15 வரை காத்திருந்து, டிசம்பர் 7-க்குள் சேர்ந்து, மறு ஜனவரியில்தான் மருந்துக் காப்பீடு பெற நேரலாம். இப்போது முகவர் பயமுறுத்தும் அபராதம் அப்போதுதான் நிஜமாக வந்து சேரும். ஆகவே முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். ஆட்சேபத்துடன் கட்டுகிறேன் என்று ஒரு வரி எழுதினால் உங்கள் தன்மானத்துக்கு அது போதும். மாதம் 85 என்றால் ஆண்டுக்கு 1,020 டாலர். மனைவியின் ஊசி ஒரு மாதத்துக்கு எவ்வளவு என்று மருந்துக்கடைச் சீட்டில் பார்த்துவிட்டு, அதன் பிறகு இந்தத் தொகையைப் பற்றி என்னிடம் கோபப்படுங்கள்.

முகவரோடு பேசுமுன், நிறுவனத்தின் பெனிஃபிட்ஸ் அலுவலகத்துக்கு எழுத்து மூலம் இரண்டு கேள்விகள் அனுப்புங்கள்: நான் மட்டும் பார்ட் டி-யில் சேர்ந்தால் எனது மருத்துவக் காப்பீடும் என் மனைவியின் காப்பீடும் தொடருமா, விலகினால் மீண்டும் சேர விதி உண்டா? திட்ட ஆவணத்தின் நகலையும் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் 30 நாளில் தர வேண்டும் என்பது எரிசா விதி. தொலைபேசியில் ஒரு பெண் இனிமையாகச் சொன்ன பதிலை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் ஏராளம். மருந்துப் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்க்க ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது; அவர்களுக்குத் தரகுப்பணம் கிடையாது.

மூன்று சூழ்நிலைகளில்தான் என் கருத்து மாறும்: நிறுவன அறிவிப்பே தன் மருந்துக் காப்பீடு கிரெடிட்டபிள் அல்ல என்று சொன்னால், மனைவியின் காப்பீட்டுக்கு ஆபத்தில்லாமல் மருந்துப் பகுதியை மட்டும் விட இடமிருப்பதாக எழுத்தில் பதில் வந்தால், அல்லது மனைவிக்கும் 65 வயது ஆனால். முதல் சூழ்நிலை நடக்காது என்று நினைக்க வேண்டாம். பார்ட் டி-யின் சலுகைகள் 2025-இல் கூடிவிட்டதால், நேற்றுவரை ஈடாக இருந்த சில நிறுவனத் திட்டங்கள் இனி அந்த அளவை எட்டாமல் போகலாம். அதனால் போன ஆண்டு அறிவிப்பை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஒருவேளை இந்தப் பதில் வந்து சேருமுன் 'யெஸ்' சொல்லிவிட்டீர்களானால், புதிய திட்டம் ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வருமுன் அத்திட்டத்துக்கே தெரிவித்து விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம். அதை எழுத்தில் செய்து, உறுதிக் கடிதம் கைக்கு வந்ததும் அதன் நகலை நிறுவனத்தின் பெனிஃபிட்ஸ் அலுவலகத்துக்கும் அனுப்பிவிடுங்கள்.