கிராமப் பள்ளியில் கதை சொல்வதால் ஊர் மனிதர்களுக்குள் உறவு வளருமா, இல்லை பாடநேரம்தான் வீணாகுமா?

நீங்கள் புதிதாகக் கிராமப் பள்ளியில் சேர்ந்தவர், கதை சொன்னதற்கு யாரோ முகம் சுளித்திருக்கிறார்கள் என்று ஊகிக்கிறேன். 'பாடநேரம் வீண்' என்ற பேச்சை நானும் வாங்கியிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வளரும். ஆனால் டீச்சர் கதை சொன்னால் பிள்ளைகள் டீச்சரோடு ஒட்டுவார்கள், அவ்வளவுதான். ஊரோடு ஒட்ட வேண்டுமென்றால் அவர்களே போய் அடுத்த வீட்டுக் கதையைக் கேட்டு வர வேண்டும்.

என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அப்படித்தான் அனுப்பினேன். சொந்த வீட்டார் அல்லாத ஒரு பெரியவரிடம்தான் கேட்க வேண்டும். 'கதை சொல்லுங்க' என்று கேட்கக் கூடாது. கேட்டால் 'எனக்கென்னப்பா கதை தெரியும்' என்று எழுந்து போய்விடுவார்கள். 'பள்ளிக்கூடம் போற வழியில எதுக்குப் பயந்தீங்க?' என்று கேட்டால் பேச்சு தானாக வரும். நோட்டும் கூடாது. எழுதுவதைப் பார்த்தால் பெரியவர்கள் மேடைப் பேச்சுக்கு மாறிவிடுகிறார்கள்.

ஒரு பையன் பக்கத்துத் தோட்டத்துப் பாட்டியிடம் போனான். இரண்டு வீட்டுக்கும் வரப்புத் தகராறு, பேச்சுவார்த்தை கிடையாது. அவனாகத்தான் போனான். சிறுவயதில் ஓடையில் தண்ணீர் ஏறிய ஒரு நாள், அவனுடைய தாத்தாதான் பாட்டியின் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு அக்கரை சேர்த்திருக்கிறார். வகுப்பில் சொல்லும்போது பையன் சுவை கூட்டி, பை வெள்ளத்தில் போய்விட்டது என்றான். பேத்தி மூலம் செய்தி போய், பாட்டியே பள்ளிக்கு வந்துவிட்டார். 'பை எங்க போச்சு? அவன் செருப்புல்ல போச்சு!' இது தாத்தா காதுக்குப் போனது. 'செருப்பு என்னோடது இல்ல, அவளோடது' என்று பேரனிடம் சொல்லி அனுப்பினார். அதற்குப் பாட்டியிடமிருந்து பதில். நடுவில் தூது என் வகுப்பு!

வரப்புத் தகராறு தீர்ந்ததா என்று கேட்பீர்கள். தீரவில்லை. அதை நிலம் அளப்பவர்தான் தீர்க்க வேண்டும். ஆனால் ஆண்டு விழாவன்று இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் செருப்புக்காக வாதாடினார்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

ஒரு பாட்டியை வைத்து முடிவுக்கு வராதே என்பவர்களுக்கு: அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற உளவியலாளர்கள் இருவரும் 20 கேள்விகளை வைத்துப் பிள்ளைகளுக்குக் குடும்பக் கதை எவ்வளவு தெரியும் என்று பார்த்தார்கள். அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் கூடுதலாக இருந்தது. கதைதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, நானும் அப்படிச் சொல்லவில்லை. குஜராத்தின் பாவ்நகரில் 1920ல் பாலமந்திர் என்ற சிறு பிள்ளைகள் பள்ளியைத் தொடங்கிய கிஜுபாய் பதேகா, வக்கீல் தொழிலை விட்டுக் கல்விக்கு வந்தவர். அவரும் கதையைத்தான் பெரிதாக நம்பினார்.

சில வாசல்களுக்குச் சில பிள்ளைகளை அனுப்ப முடியாது. ஏன் என்று ஊரில் இருக்கும் உங்களுக்கே தெரியும். அந்தப் பெரியவர்களைப் பள்ளி மரத்தடிக்கு அழையுங்கள். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கேட்கட்டும்.

நேரம் வீண் என்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கட்டும். வகுப்பு நடக்கும்போதே செல்பேசியில் விவரம் ஏற்றச் சொல்கிறார்கள். சிக்னல் தேடி மைதானத்தின் மூலையில் நிற்கிறோம். ஏற்றியதையே மறுபடி தாளிலும் கேட்கிறார்கள். அந்த நேரத்துக்கு யார் கணக்கு வைக்கிறார்கள்?

சரி, நீங்கள் வாரத்துக்கு ஒரு பாடவேளை மட்டும் எடுத்துத் தொடங்குங்கள். பாடக்குறிப்பில் 'கேட்டல், பேசுதல்' என்று எழுதுங்கள். பொய் இல்லை, நடப்பது அதுதான். கதை கொடுத்த பெரியவரையும் அன்று வரச் சொல்லுங்கள். பிள்ளை தப்பாகச் சொன்னால் நீங்கள் திருத்த வேண்டாம், அவரே திருத்தட்டும்.