தாய்வழியே பரவும் பாக்டீரியா பூச்சிக்கு நண்பனா, எதிரியா?

ஒரே மாதிரி முட்டை வழியாகப் பரவும் பாக்டீரியாக்களில் ஒன்று பூச்சியை வாழவைக்கிறது, இன்னொன்று ஆண்களைக் கொல்கிறது. ஏன் என்பதுதானே கேள்வி? பாதி பதில் அந்த "முட்டை வழி"யிலேயே இருக்கிறது. ஆண் பூச்சிக்குள் மாட்டிக்கொண்ட பாக்டீரியாவுக்கு அடுத்த தலைமுறை கிடையாது.

பல பூச்சிகளின் உடலுக்குள் வாழும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா, சில இனங்களில் இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. ஆண் கருக்கள் செத்தால் சகோதரிகளுக்கு உணவுப் போட்டி குறையும். அதே பாக்டீரியா அவர்களுக்குள்ளும் இருக்கிறது. ஆனால் பூச்சியின் உட்கரு மரபணுக்கள் தந்தை வழியாகவும் போகின்றன. ஆண்கள் செத்தால் அவற்றுக்கு இழப்பு. மோதல் இங்கேதான். பசிபிக் தீவு நாடான சமோவாவில் ஹைப்போலிம்னாஸ் பொலினா பட்டாம்பூச்சிகளில் 2001-இல் ஆண்கள் சுமார் 1 சதவீதம். 2006-க்குள் சுமார் 40 சதவீதம். வோல்பாக்கியா ஒழியவில்லை, அதன் கொலையைத் தடுக்கும் மரபணு பட்டாம்பூச்சிகளிடையே பரவிவிட்டது. பெண்கள் குவிந்த கூட்டத்தில் பிழைத்த ஒவ்வொரு ஆணுக்கும் ஏராளமான வாரிசுகள் கிடைப்பதால்தான் இத்தனை வேகம்.

செடிச் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினிக்குள் வாழும் புக்னேரா என்ற பாக்டீரியா வேறு ரகம். செடிச் சாற்றில் போதாத அமினோ அமிலங்களை அது தயாரித்துத் தருகிறது, ஆண்களைக் கொல்வதில்லை. நட்பு என்றாலும் செலவில்லாத நட்பல்ல. ஒவ்வொரு வாரிசுக்கும் கொஞ்சம் பாக்டீரியாவே போவதால் கெட்ட திடீர்மாற்றங்களும் தங்கிவிடுகின்றன. அதன் மரபுத்தொகை சுமார் 6.4 லட்சம் கார இணைகளாகச் (டி.என்.ஏ.வின் எழுத்துகள்) சுருங்கிவிட்டது, உறவுக்காரனான ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்கு சுமார் 46 லட்சம். புக்னேராவின் வெப்பப் பாதுகாப்பு மரபணு ஒன்றின் இயக்கப் பகுதியில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டாலும், இளமையில் கடும் வெப்பம் பட்ட அசுவினி பிறகு குட்டி போடுவதே அரிது.