சுருட்டைத் தாடிக்கு எந்தச் சவரம்? கேளுங்க, சொல்றேன்

இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, கடை லீவு. முரட்டுத் தாடி, சுருட்டைத் தாடி இருக்கிறவங்க சவரம் பண்ணினா கழுத்தெல்லாம் பொரிப்பொரியா கிளம்புதுன்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கீங்க. மதுரையில 26 வருஷமா கத்தி பிடிக்கிறேன். எனக்கும் சுருட்டைத் தாடிதான். சாயங்காலம் வரைக்கும் இருப்பேன். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், டாக்டர் பார்க்க வேண்டியதை டாக்டர்கிட்ட அனுப்பிடுவேன்.

கேள்வி (திருப்பூர்): அண்ணே, வயசு 24. தாடி கம்பி மாதிரி, சுருட்டை. காசு போனாலும் பரவாயில்லைன்னு அஞ்சு பிளேடு கார்ட்ரிட்ஜ் வாங்கினேன். ஷேவ் பண்ணின அன்னைக்கு வழவழன்னு இருக்கு, மூணாம் நாள் தாடைக்குக் கீழ பொரியும் அரிப்பும். நான் என்ன வாங்கணும்?

பதில்: தம்பி, உங்களுக்கு ஆகாததே அந்த அஞ்சு பிளேடுதான். முதல் பிளேடு முடியைப் பிடிச்சு லேசா வெளிய இழுக்கும். அது பழைய இடத்துக்குத் திரும்புறதுக்குள்ள பின்னாடி வர்ற பிளேடு நறுக்கிடும். மிச்ச முடி தோல் மட்டத்துக்குக் கீழ போய் உட்கார்ந்துக்கும். 1971ல ரெட்டை பிளேடு வந்ததுல இருந்து விளம்பரத்துல காட்டுற வழவழப்பு இதுதான். நேர் முடிக்காரங்களுக்கு அதுல பெரிய தொந்தரவு இல்ல.

சுருட்டை முடி நேரா மேல வராது, வளைஞ்சுக்கிட்டேதான் வளரும். தோலுக்குக் கீழ வெட்டுப்பட்ட முனை ஊசி மாதிரி கூரா இருக்கும். அது வெளிய வராம உள்ளேயே பக்கவாட்டுல குத்தும். இல்லேன்னா வெளிய வந்து, அரைவட்டம் போட்டுத் திரும்பி, பக்கத்துத் தோலுக்குள்ள இறங்கும். உங்க முடியே உங்களுக்கு முள்ளு. உடம்பு அந்த முள்ளோட போராடுறதுதான் நீங்க பார்க்கிற பொரி. டாக்டருங்க இதுக்கு சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பேன்னு பேர் வச்சிருக்காங்க. நீங்க முகம் சரியா கழுவாததால வந்தது இல்ல. சோப்பை மாத்தி மாத்திப் போட்டுத் தேய்க்காதீங்க.

முதல்ல மூணு, நாலு வாரம் பிளேடே வேண்டாம். டிரிம்மர்ல 1 மில்லிமீட்டர் விட்டு வெட்டிக்கிட்டு இருங்க. உள்ள மாட்டின முடி வளர்ந்து, பெரும்பாலும் தானா வெளிய வந்துடும். பொரி அடங்கினதுக்கு அப்புறமும் டிரிம்மரே போதும்னு இருந்தா அதுதான் உங்களுக்கு உத்தமம். இல்ல, பிளேடுதான் வேணும்னா ஒத்தை பிளேடுக்கு வாங்க. நம்ம அப்பாக்கள் வச்சிருந்த, பிளேடை நடுவுல வச்சுத் திருகுற ரேசர் போதும்.

குளிச்சு முடிச்ச கையோட சவரம் பண்ணுங்க. வெதுவெதுப்பான தண்ணி மூணு நிமிஷமாவது தாடியில படணும். காய்ஞ்ச முடி கம்பி, தண்ணி குடிச்ச முடி ஊறின நார். பிரஷ்ல நுரை கட்டி இன்னும் ரெண்டு நிமிஷம் விடுங்க. ரேசரை அழுத்தாதீங்க, அதோட கனமே போதும். ஒரு இடத்துல ஒரு தடவை. முடி போற போக்குலயே போங்க.

இன்னொண்ணு. தோலை இழுத்துப் பிடிக்காதீங்க. எங்க தொழில்ல இழுத்துப் பிடிக்கச் சொல்லித்தான் கத்துக் குடுப்பாங்க, நானும் அப்படித்தான் கத்துக்கிட்டேன். ஆனா சுருட்டைத் தாடியில தோலை இழுத்து வெட்டிட்டுக் கையை விட்டா, முடி உள்ள போயிடும். சவரம் முடிஞ்சதும் கையால தடவினா லேசா சொரசொரன்னு இருக்கணும். அந்தச் சொரசொரப்பு இருந்தாத்தான் முடி தோலுக்கு மேல நிக்குதுன்னு அர்த்தம்.

கேள்வி (தூத்துக்குடி): முடி போற போக்குன்னா மேல இருந்து கீழ தானே?

பதில்: கன்னத்துல பெரும்பாலும் அப்படி. கழுத்துல இல்ல. ரெண்டு நாள் தாடி இருக்கும்போது ஒரு பஞ்சை எடுத்துக் கழுத்துல நாலு திசையிலயும் இழுத்துப் பாருங்க. எந்தப் பக்கம் இழுக்கும்போது பஞ்சு சிக்காம வழுக்கிக்கிட்டுப் போகுதோ அதுதான் போக்கு. எனக்கு இடது பக்கம் குரல்வளைக்குப் பக்கத்துல ஒரு சுழி இருக்கு. அதுக்கு மேல முடி கீழ் நோக்கிப் போகும், அதுக்குக் கீழ காதுப் பக்கமா மேல ஏறும். 19 வயசுல ஒரு தங்கும் விடுதியில வேலை பார்த்தேன், தினம் மழிச்சிட்டுத்தான் வரணும். மேல இருந்து கீழன்னு கண்ணை மூடிக்கிட்டு இழுத்து, அந்தச் சுழி இருக்கிற இடம் வருஷம் பூரா புண்ணாத்தான் கிடந்தது. கருப்புத் தழும்பு இன்னும் இருக்கு.

கேள்வி (சேலம்): எந்த கம்பெனி பிளேடு நல்லது?

பதில்: உங்க தோலுக்கு இழுக்காம வெட்டுறது. ரெண்டு மூணு வகை வாங்கிப் பாருங்க. முரட்டுத் தாடிக்கு ஒரு பிளேடு நாலு சவரத்துக்கு மேல வேண்டாம்.

கேள்வி (கோவில்பட்டி): வீட்டுல பண்ண நேரமில்ல. சலூன்லதான். கடைக்காரர்கிட்ட என்ன சொல்லணும்?

பதில்: உட்கார்ந்ததும் சொல்லிடுங்க: “அண்ணே, எனக்குப் பொரி வரும். ஒரு தடவை இழுத்தாப் போதும், எதிர்ப்போக்கு வேண்டாம்.” தயங்காதீங்க. ரெண்டாவது தடவை நுரை போட்டு எதிர்ப்போக்குல இழுத்து விடுறதை நாங்க மரியாதையா நினைச்சுத்தான் பண்றோம். நீங்க சொன்னாத்தான் தெரியும்.

புது பிளேடை உங்க கண் முன்னால உடைச்சுக் கத்தியில போடணும். எச்.ஐ.வி., காமாலை பி, சி எல்லாம் ரத்தம் பட்ட பிளேடுல பரவக்கூடியது. அதே மாதிரி படிகாரக் கல்லு. ஒருத்தர் வெட்டுக்காயத்துல தேய்ச்ச கல்லை அடுத்தவர் முகத்துல தேய்க்கக் கூடாது. என் கடையில படிகாரத்தைப் பொடி பண்ணி வச்சிருக்கேன், ஆளுக்கொரு பஞ்சுல தொட்டு வைக்கிறேன். கல்லைக் கையில எடுத்தா வேண்டாம்னு சொல்லுங்க.

கேள்வி (காரைக்குடி): படிகாரம் போட்டா பொரி வராதா?

பதில்: வெட்டுல ரத்தம் நிக்கும், தோல் கொஞ்சம் இறுகும். உள்ள வளையுற முடியை அது நிறுத்தாது. போட்டுட்டு ஒரு நிமிஷத்துல கழுவிடுங்க, இல்லேன்னா தோல் காய்ஞ்சு இழுக்கும்.

கேள்வி (வேலூர்): முடி நீக்குற கிரீம் போடலாமா?

பதில்: சிலருக்கு நல்லாவே ஒத்துக்கும். அந்த கிரீம்ல இருக்கிற தயோகிளைகோலேட் முடியோட கட்டுமானத்தையே இளக்கிடுது. அறுந்த முனை கூரா இல்லாம மழுங்கி இருக்கும், அதனால திரும்பிக் குத்துறது குறைவு. ஆனா முடியை இளக்குற மருந்து தோலையும் விட்டு வைக்காது. முகத்துக்குன்னே விக்கிறதை மட்டும் வாங்குங்க. தாடைக்குக் கீழ காசளவு இடத்துல போட்டு ஒரு நாள் பாருங்க. டப்பாவுல போட்ட நேரத்துக்கு மேல ஒரு நிமிஷம் கூட விடாதீங்க. தினம் கூடாது. பொரி உடைஞ்சு புண்ணா இருந்தா தொடவே கூடாது.

கேள்வி (மன்னார்குடி): என் பையனுக்கு 16 வயசு. மீசையும் கன்னத்து ஓரமும் அரும்புது, பள்ளிக்கூடத்துல எடுத்துட்டு வரச் சொல்றாங்க. இப்பவே பிளேடு வச்சா முடி தடிச்சு, முரடாயிடும்னு வீட்டுல பயப்படுறாங்க.

பதில்: தடிக்காதும்மா. டிரிம்மர் வச்சு எடுத்து விடுங்க, அந்த வயசுக்கு அது போதும்.

கேள்வி (திண்டுக்கல்): அண்ணே, மன்னிக்கணும், இது தப்பு. எனக்கு 17 வயசுல பூனைமுடி. மழிக்க ஆரம்பிச்சேன், 22ல காடு மாதிரி ஆயிடுச்சு. என் அனுபவம் பொய்யா?

பதில்: அனுபவம் பொய் இல்ல. காரணத்தைத்தான் மாத்திப் பிடிச்சிருக்கீங்க. 17லேருந்து 22 வரைக்கும் நீங்க கத்தியே தொடாம இருந்திருந்தாலும் அந்தக் காடு வந்திருக்கும். ஆம்பளைக்குத் தாடி தடிக்கிற வயசு அது.

கேள்வி (நாமக்கல்): பிறந்த குழந்தைக்கு மொட்டை போட்டா முடி அடர்த்தியா வருதே? நீங்களே மொட்டை போடுற ஆளு!

பதில்: ஆமா, நூத்துக்கணக்குல போட்டிருக்கேன். குழந்தையோட பூமுடி முதல் வருஷத்துல தானா உதிரும், அடுத்து வர்றது கொஞ்சம் தடிப்பா வரும். நாம மொட்டை போடுற காலமும் அதுவும் ஒண்ணா அமையுது. பழனிக்கும் குலதெய்வத்துக்கும் குடுக்கிற முடி வேண்டுதல். அதை முடி அடர்த்தியோட சேர்க்க வேண்டாம்.

கேள்வி (திண்டுக்கல், மறுபடியும்): ஆனா மழிச்ச மறுநாள் முடி தடிப்பாத்தானே இருக்கு? கண்ணால பார்க்கிறேனே.

பதில்: ஒரு ஈர்க்குச்சியைக் கையில எடுங்க. நுனி மெலிசு, வளையும், கையில குத்தாது. அதையே அடிப்பக்கமா நறுக்குங்க. வெட்டின இடம் தடிப்பா, விறைப்பா நிக்கும், தொட்டா குத்தும். குச்சி தடிச்சிடுச்சா? இல்ல, மெலிசான நுனி போயிடுச்சு. முடியும் அப்படித்தான். வேர் தோலுக்கு உள்ள இருக்கு, மேல கத்தி போனது அதுக்குத் தெரியாது.

1928லயே அமெரிக்காவுல மில்ட்ரெட் ட்ராட்டர்ங்கிற அம்மா மழிச்ச தாடி முடியை அளந்து பார்த்தாங்க. தடிப்பும் கூடல, வளர்ற வேகமும் கூடல. 1970ல இன்னொரு ஆய்வுல அஞ்சு இளைஞர்களுக்கு ஒரு காலை மட்டும் வாரா வாரம் மழிச்சு, அடுத்த காலை அப்படியே விட்டுப் பார்த்தாங்க. ரெண்டு கால்லயும் வித்தியாசம் இல்ல.

கேள்வி (ஊர் போடல): சிரைக்கிறவர் சொன்னா அறிவியல் ஆயிடுமா?

பதில்: நான் சொன்னதால ஆகல, அளந்து பார்த்ததால ஆச்சு. அந்தச் சொல்லை நீங்க எந்த அர்த்தத்துல போட்டீங்கன்னு எனக்குத் தெரியும். ஒரு தொழிலோட பேரை வசவாக்கி வச்சிருக்கிறது நம்ம பேச்சுல உள்ள பெரிய குறை. ஊர்ல எங்க ஆளுங்களை மருத்துவர்னு கூப்பிட்டாங்க. கட்டியைக் கீறி விட்டதும், பிரசவம் பார்த்ததும் எங்க வீட்டு ஆளுங்கதான். என் பாட்டி கையில பிறந்தவங்க எங்க ஊர்ல இன்னும் இருக்காங்க. முடியைப் பத்திக் கேட்டா பதில் சொல்றேன். இந்தப் பேச்சு இதோட போதும்.

கேள்வி (ஈரோடு): எனக்கும் சுருட்டைத் தாடி. மூணு பிளேடு போடலாமா?

பதில்: திருப்பூர் தம்பிக்குச் சொன்னதேதான்.

கேள்வி (தென்காசி): மெடிக்கல்ல ஒரு டியூப் குடுத்தாங்க. ரெண்டு நாள்ல பொரி அமுங்கிடுச்சு. நிறுத்தினா முன்னைவிட மோசமா வருது. தொடர்ந்து போடலாமா?

பதில்: போடாதீங்க. டியூப்ல பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால்னு ஏதாவது எழுதியிருக்கான்னு பாருங்க. இருந்தா அது ஸ்டீராய்டு. பொரியை அமுக்கும், கூடவே தோலை மெலிய வைக்கும். நிறுத்தினதும் முகம் செவந்து எரியும், அந்த எரிச்சலுக்குப் பயந்து திரும்பவும் போடுவீங்க. வெயில்ல நிக்க முடியாம, கன்னத்துல செவப்பு நரம்பு தெரிய என் கடைக்கு வந்த பையன்களைப் பார்த்திருக்கேன். அந்த டியூப்பை எடுத்துக்கிட்டுத் தோல் டாக்டர்கிட்ட போங்க, எத்தனை மாசமா போடுறீங்கன்னு மறைக்காம சொல்லுங்க.

கேள்வி (ராமநாதபுரம்): வெள்ளை ஆக்குற கிரீம்னு சொன்னாங்க, பொரி போன கருப்புத் தழும்புக்குப் போடுறேன்...

பதில்: மேல இப்பத்தான் சொன்னேன். அதுலயும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். டாக்டர்கிட்ட காட்டாம முகத்துல எந்த டியூப்பும் வேண்டாம். பொரி வர்றது நின்னாத்தான் கருப்பு மங்கும், அதுக்கு மாசக்கணக்காகும்.

கேள்வி (விழுப்புரம்): எலுமிச்சம்பழம் தேய்க்கலாமா?

பதில்: வேண்டாம். வெட்டுப்பட்ட தோல் வெயில்ல கருத்துப் போகும்.

கேள்வி (சென்னை): லேசர் பண்ணினா ஒரேயடியா தீருமா?

பதில்: என் துறை இல்ல. கேட்டுத் தெரிஞ்ச ரெண்டு விஷயம் சொல்றேன். நம்ம மாநிறத்துக்கும் கருப்புத் தோலுக்கும் என்டி-யாக் (1064 நானோமீட்டர்)ங்கிற லேசர் வகைதான் பாதுகாப்பு அதிகம்னு சொல்றாங்க, மத்த சிலது தோலைச் சுட்டுடலாம். பல தடவை போகணும். முடி நல்லா குறையும். ஆனா அடியோட போகும்னு யாராவது உறுதி குடுத்தா நம்பாதீங்க. அழகு நிலையத்துல வேண்டாம், தோல் டாக்டர்கிட்ட போங்க.

கேள்வி (பெயர் வேண்டாம்): நான் பெண். தாடையில முரட்டு முடி வருது. ஷேவ் பண்ண வெட்கமா இருக்கு, பிடுங்குறேன், கருப்புப் புள்ளியா ஆகுது.

பதில்: வெட்கப்பட ஒண்ணுமில்லம்மா. மழிச்சா தடிக்காதுன்னு இவ்வளவு நேரம் பேசினது உங்களுக்கும் சேர்த்துத்தான். பிடுங்குறதை நிறுத்துங்க, சின்ன டிரிம்மர் போதும். மாதவிலக்கு தள்ளிப் போறது, எடை ஏறுறது இருந்தா மகப்பேறு டாக்டரைப் பாருங்க, சினைப்பை நீர்க்கட்டியா இருக்கலாம்.

கேள்வி (சிவகங்கை): போலீஸ் வேலை. தினம் முகம் மழிச்சிருக்கணும். டிரிம்மர்னா அதிகாரி திட்டுவாரு.

பதில்: அரை மில்லிமீட்டருக்கு வெட்டுற டிரிம்மர் இருக்கு. நாலடி தள்ளி நின்னா மழிச்ச மாதிரியேதான் தெரியும். காலையில அதை வச்சு எடுங்க, ஆய்வு இருக்கிற நாள்ல மட்டும் ஒத்தை பிளேடு, ஒரே தடவை. அதுக்கும் அடங்கலைன்னா தோல் டாக்டர்கிட்ட சான்று வாங்கி மேலதிகாரிகிட்ட குடுங்க. இது சாக்கு இல்ல, நோய்தான். அமெரிக்க விமானப்படையில 2020ல இதுக்காகவே அஞ்சு வருஷம் வரைக்கும் மழிக்காம இருக்க மருத்துவ விலக்கு குடுத்தாங்க. அங்க கருப்பின வீரர்களுக்கு இந்தத் தொந்தரவு ரொம்ப அதிகம்.

கேள்வி (பொள்ளாச்சி): எந்த பிளேடு நல்ல பிளேடு அண்ணே?

பதில்: சேலத்துக்காரருக்குச் சொல்லியாச்சு. மேல போய்ப் படிங்க.

கேள்வி (கடலூர்): சீழ் வச்சு வீங்கியிருக்கு, லேசா காய்ச்சல்.

பதில்: இன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. பிதுக்காதீங்க.

கேள்வி (திருப்பூர்): அண்ணே, மறுபடி நான்தான். கண்ணாடியில பார்த்தா தாடைக்குக் கீழ ஒரு முடி தோலுக்கு அடியில சுருண்டு கிடக்கிறது தெரியுது. சாமணத்தால பிடுங்கிடட்டுமா?

பதில்: பிடுங்கக் கூடாது. பிடுங்கினா அதே குழியில இருந்து புது முடி கூரான முனையோட கிளம்பி, தோலுக்குள்ளயே மாட்டிக்கும். வெந்நீர்ல நனைச்ச துணியை அந்த இடத்துல அஞ்சு நிமிஷம் வைங்க. தோல் இளகினதும் வெளிச்சத்துல பாருங்க. கருப்பா ஒரு வளையம், பாதி வெளிய, பாதி உள்ள தெரியுதா? அப்படின்னா மட்டும், மருந்துக்கடையில விக்கிற புது ஊசியைப் பிரிச்சு, அந்த வளையத்துக்கு அடியில படுக்கையா நுழைச்சு, தையலைப் பிரிக்கிற மாதிரி மெதுவா மேல தூக்குங்க. உள்ள மாட்டின முனை டக்குனு வெளிய வந்துடும். வேர் அப்படியே இருக்கட்டும். முழுக்கத் தோலுக்கு அடியில இருந்தா குத்தித் தேடாதீங்க, இன்னும் ஒரு வாரம் வளர விட்டுப் பாருங்க.