செக் பணம் கணக்கில் ஏறிவிட்டதே, அனுப்பலாமா?

தம்பி, அந்த 2,000 டாலரை அனுப்பாதீர்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மேற்படிப்புக்காக டல்லாஸ் வந்த உங்களுக்கு வீட்டிலிருந்தே செய்யும் தரவுப் பதிவு வேலை மின்னஞ்சலில் தேடி வந்திருக்கிறது. கூடவே 2,450 டாலருக்கு ஒரு கேஷியர்ஸ் செக், அதாவது வங்கியே தன் பொறுப்பில் தரும் காசோலை. 450 முதல் வாரச் சம்பளமாம். மீதியை வேலைக்கான மடிக்கணினி விற்பவருக்கு ஜெல் என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் சேவையில் அனுப்ப வேண்டுமாம். மறுநாளே பணம் கணக்கில் ஏறிவிட்டதால் செக் உண்மைதானே என்று கேட்கிறீர்கள்.

இல்லை. ஊரில் பொதுவாக கிளியரிங் முடிந்த பிறகுதான் பணம் ஏறும். ஏறினால் அது நம்முடையது என்று பழகிவிட்டோம். அமெரிக்காவில் கேஷியர்ஸ் செக் பணத்தைப் பெரும்பாலும் ஓரிரு வேலை நாளிலேயே எடுக்க விடவேண்டும் என்பது சட்டம். அது போலி என்று தெரியவரச் சில வாரங்கள்கூட ஆகலாம். திரும்பி வந்தால் முழுத் தொகையையும் உங்கள் கணக்கிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். ஏமாந்தவர் என்று யாரும் இரக்கப்பட மாட்டார்கள். ஜெல்லில் நாமே அனுப்பிய பணம் திரும்புவதும் அரிது. வங்கி உங்கள் கணக்கை மூடிவிட்டால், கணக்கு வைத்திருப்பவர்களின் விவரங்களை வங்கிகளுக்குத் தரும் செக்ஸ்சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தின் பதிவில் 5 ஆண்டு வரை பெயர் கெட்டுக் கிடக்கும். வேறு வங்கியில் கணக்குத் தொடங்குவதே பெரும்பாடு.

அந்தச் செக்கை எடுத்துப் பாருங்கள். வேலை கொடுத்த நிறுவனம் ஒன்று, செக்கில் உள்ள பெயர் இன்னொன்று, கூரியர் உறையில் அனுப்புநர் மூன்றாவது ஆளாக இருக்கும். அடியில் உள்ள, வங்கியைக் குறிக்கும் 9 இலக்க ரூட்டிங் எண் பல போலிச் செக்குகளில் வேறொரு வங்கியுடையது. செக் ஊர் சுற்றித் திரும்புவதற்குள் பணம் கைமாறிவிடும். வங்கியிடம் விசாரிப்பதானால் செக்கில் அச்சிட்ட தொலைபேசி எண்ணை நம்பாதீர்கள், அதுவும் மோசடிக்காரர்களுடையதாக இருக்கலாம். வங்கியின் இணையதளத்தில் எண்ணைத் தேடி எடுங்கள்.

பழைய கட்டிலை விற்கும்போது கேட்டதைவிடக் கூடுதலாகச் செக் அனுப்பி மீதியைத் திருப்பிக் கேட்பதும் இதே வேலைதான். கண்ணில் காணாத வீட்டுக்கு முன்பணம், விழாத லாட்டரிக்கு வரி என்பவை செக் இல்லாமலும் நடக்கும் மோசடிகள். முறையான முதலாளி எவரும் தன் பணத்தை ஊழியர் கணக்கு வழியாக இன்னொருவருக்கு அனுப்புவதில்லை.

எஃப்-1 மாணவர் விசாவில் அனுமதியின்றி வளாகத்துக்கு வெளியே வேலை செய்யக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். பயந்து வாய் திறக்க மாட்டோம் என்றுதான் மாணவர்களைக் குறிவைக்கிறார்கள் என்பது என் எண்ணம். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.

இன்றே வங்கிக் கிளைக்குப் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். அந்த 450-ஐயும் தொடாதீர்கள். எஃப்டிசி எனப்படும் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் இணையதளத்தில் புகார் பதியுங்கள். 'மடிக்கணினிக்காரர் காத்திருக்கிறார், உடனே அனுப்பு' என்று அவர்கள் குறுஞ்செய்தி மேல் குறுஞ்செய்தி அனுப்புவார்கள். பதில் எழுத வேண்டாம். அழிக்கவும் வேண்டாம், வங்கியில் காட்ட வேண்டியிருக்கும்.